பனியில் கிடந்த சப்பாத்து

போன தைப்பூசத்துக்கு மூன்று நாள் முந்தி, லண்டனில் மிச்சம் என்கிற புறநகரில் எங்கள் வீட்டு கராஜில் நடந்தது இது.

எனக்கு மரவேலை என்றால் பைத்தியம். கடை வேலை முடிந்தால் கராஜுக்குள்தான் கிடப்பேன். இந்த முறை நேர்த்திக் காவடியை என் கையாலேயே செய்கிறேன் என்று கண்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். வளைவு அத்தனை அழகாக வந்திருந்தது! ஆனால் பெயின்ட் காய மறுத்தது. வெளியே பனி கொட்டுகிறது, கராஜுக்குள் கை விறைக்கிற குளிர். இரண்டு நாள் கழித்துத் தொட்டாலும் விரலில் ஒட்டியது. பெயின்ட் மணத்தோடு அதை வீட்டுக்குள் கொண்டுவர மனைவி விடவில்லை.

அப்போதுதான் கோடையில் பார்பிக்யூ போட்டு மிஞ்சிய கரி மூட்டை கண்ணில் பட்டது. கராஜைச் சூடாக்க அதை நான் வெளியே இழுப்பதை, வேலைக்குக் கிளம்பிய மனைவி கண்டுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, அடைச்ச இடத்துக்க கரி மூட்டாதேங்கோ."

"கதவைத் திறந்துதான் வைப்பன். நீர் போயிட்டு வாரும்."

"உந்தச் சப்பாத்தையாவது உள்ளுக்க எடுத்து வையுங்கோ, பனி நிரம்பப் போகுது."

சுவாமிக்குரிய பொருள் இருக்கிற இடத்தில் காலில் போடுகிற சப்பாத்தை வைக்க எனக்கு மனம் வராது. அது எப்போதும்போல கராஜ் வாசலிலேயே கிடந்தது.

மனைவி தெருமுனை திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, கதவை இழுத்து மூடியது. சூடு வெளியே போய்விடுமே! கீழ் இடுக்கில் பழைய போர்வையையும் திணித்தேன். சட்டியில் கரி சிவப்பாகக் கனன்றது. துளிப் புகை இல்லை, பிறகென்ன பயம் என்று நினைத்தேன்.

அரை மணியில் பெயின்ட் இறுகத் தொடங்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தலை இடித்தது, பெயின்ட் மணமாக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு நித்திரை வருவதுபோல் இருந்தது. எழும்பப் பார்த்தால் கால் என் சொல் கேட்கவில்லை. கதவு நாலடி தூரம்தான். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கன்னத்தில் சில்லென்று பட்டபோது கண் திறந்தேன். பனியில் கிடந்தேன். பார்சல் கொண்டுவருகிற வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி என் தோளை உலுக்கிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

கரி விடுகிற நச்சுக் காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவ்வளவுதானாம். மனைவி என் கையை விடாமல் அழுதாள், அழுதபடியே ஏசவும் செய்தாள்.

"முருகனுக்கு நேர்த்தி வைச்சிட்டு, அவரிட்டையே நேர போகப் பாத்தீங்களோ?"

அடுத்த கிழமை அந்தப் பெண் மறுபடி எங்கள் தெருவுக்கு வந்தபோது, மறித்து வைத்துத் தேநீரும் வடையும் கொடுத்தோம். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். இந்தத் தெருவில் உங்கள் ஆட்களின் வீட்டு வாசலில் சப்பாத்து கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம், அது எனக்குப் பழகிப்போயிற்று என்றாள். அன்றைக்கு மணி அடித்தும் யாரும் வரவில்லையாம். திரும்பும்போது கராஜ் வாசலில் பனி நிரம்பிய சப்பாத்தைக் கண்டிருக்கிறாள். தட்டினாள், பதில் இல்லை. கதவை ஒரே தூக்காகத் தூக்கி, என்னை வெளியே இழுத்துவிட்டாள்.

அன்று அவள் கொண்டுவந்த பார்சலில் இருந்தது என் காவடிக்கான மயிலிறகு. அதைக் கட்டித்தான் தைப்பூசத்தன்று காவடி எடுத்தேன். கண்ணீர் வழிய வழிய ஆடினேன்.

இப்போது கராஜில் மின்சார ஹீட்டரும், நச்சுக் காற்று வந்தால் அலறுகிற அலாரமும் இருக்கின்றன. சப்பாத்தை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லி மனைவி ஏசுவதில்லை. எத்தனை பனி கொட்டினாலும் அதை வாசலில்தான் கழற்றுகிறேன். நான் உள்ளே இருக்கிறேன் என்று தெருவில் போகிற யாரோ ஒருவருக்குத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய காவல் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.