கோட்டுப் போட்ட அப்பா

பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். நாள் முழுக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு கத்தினால் பின்னேரம் பேச வாய் வராது. அந்த நேரம் பார்த்துத்தான் அமெரிக்காவிலிருந்து தம்பி போன் எடுப்பான். அவனுக்கு அது விடியற்காலை, வேலைக்குப் போகும் நேரம்.

அவன் இருப்பது சின்ன நகரம். எங்கள் கிளிநொச்சியே பெரிது என்பான். அங்கே நூலகத்தில் ஒரு புத்தகம் போடுகிறார்களாம். நகரம் எப்படி உண்டானது, அங்கே பேர் எடுத்தவர்கள் யார் யார் என்று. பிந்தி வந்து குடியேறிய குடும்பங்களுக்கும் அரைப் பக்கம் உண்டாம்.

"முதல் பக்கத்தில ஆர் தெரியுமோ அக்கா? கோடாலியோட வந்து காடு வெட்டின மனிசன். காலில சேறு. சந்தியில அவருக்குச் சிலையும் நிக்குது. அடுத்தது, ஊருக்கே பிள்ளைப்பேறு பாத்த மனிசி. பிறகு ஒரு கொல்லன், ஒரு பந்தடிக்காரன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. காடு வெட்டியவர்களுக்குச் சிலை வைப்பதென்றால் எங்கள் குடியேற்றத்தில் நடக்க இடமிருக்காது.

அப்பா மலையில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இனக் கலவரத்தில், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடு எரிந்த பிறகு, வயிற்றில் என்னோடு இருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்து, காட்டை வெட்டி இந்தக் காணியை எடுத்தார். அவருடைய படம் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. வெறும் மேல், தலையில் துவாய், தோளில் கோடாலி, பின்னால் புகைகிற கட்டைகள். அப்பா செத்துப் போன பிறகு, கடைசிச் சண்டையில் முள்ளிவாய்க்கால் வரை அதைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடியவள் நான். புத்தகத்தில் போடவென்று அதைத்தான் தம்பிக்கு அனுப்பியிருந்தேன்.

அன்று அது திரும்பி வந்தது. அப்பா கோட்டுப் போட்டிருந்தார். கழுத்தில் நீல டை. கோடாலி இல்லை, புகை இல்லை, பின்னால் ஒரு புத்தக அலுமாரி. போனில் ஏதோ செயலியில் செய்தானாம். கீழே, யாழ்ப்பாணத்தில் பிறந்த நிலச் சொந்தக்காரர் என்று எழுதியிருந்தான்.

களைப்பெல்லாம் கோபமாகிவிட்டது. "உது ஆரடா?"

"அப்பாதான் அக்கா. வெறும் மேலோட எப்பிடிப் போடுறது?"

"அங்க கோடாலிக்காரனுக்குச் சிலை. எங்கட அப்பாவுக்கு மட்டும் கோட்டோ?"

அவன் மெதுவாகச் சொன்னான்: "நீங்கள்தானே அக்கா சொல்லித் தந்தனீங்கள்."

உண்மைதான். அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனவள் நான். எந்த ஊர் என்று கேட்டால் யாழ்ப்பாணம் என்று சொல், தோட்டம் என்று வாயே திறக்காதே என்று வழியெல்லாம் கிள்ளிக் கிள்ளிச் சொன்னேன். வகுப்பில் எனக்கு விழுந்த 'தோட்டக்காட்டார்' என்ற பட்டம் அவனுக்கும் விழக்கூடாது என்றுதான். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் மலைப்பேச்சுப் பேச வேண்டாம் என்று அம்மாவின் வாயை மூடியதும் நான்தான். அப்பா பெற்றோர் கூட்டத்துக்கு வருவதை விட்டுவிட்டார். எனக்கு அப்போது அது வசதியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"ஓம், நான்தான்," என்றேன். "உந்தக் கோட்டைக் கழட்டு. தோட்டத்தில வேலை செய்தவர், இங்க வந்து காடு வெட்டினவர் எண்டு எழுது. இல்லாட்டி அப்பாவைப் போடாதை."

இரண்டு நாள் அவன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. சண்டை பிடிக்கவும் தெம்பு வேண்டுமே. மூன்றாம் நாள் குரல்செய்தி வந்தது.

"அக்கா, பழைய படம் அப்பிடியே போகுது. நூலகத்தில புத்தகம் போடுற அவாக்குச் சரியான சந்தோசம். ஒண்டு மட்டும் கேக்கிறா. அப்பா எந்தத் தோட்டம்? பேர் வேணுமாம்."

மூன்று தரம் திருப்பித் திருப்பிக் கேட்டேன். விசாரிக்க அம்மாவும் இல்லை. மலையில் எங்களுக்கு யார் சொந்தம் என்றும் தெரியாது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எழுதினேன்.

"தெரியாது தம்பி. நான் ஒருநாளும் அப்பாட்டைக் கேக்கேல்லை."