பச்சை ஒயரை வெட்டினவன்

என் மனைவியின் லேப்டாப்பை எரித்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தவன், இங்கேயாவது சுற்றி வளைக்கக் கூடாது.

அந்த லேப்டாப் அவளுக்கு என்ன என்று தெரிந்தால்தான் நான் செய்தது புரியும். கும்மிடிப்பூண்டியில் ஒரு பேக்கிங் கம்பெனியில் அவள் ஆறு வருடம் நின்றாள். வேலை செய்தாள் என்று சொல்ல மாட்டேன். நின்றாள். ஒரு ஷிப்டுக்கு எட்டு மணி நேரம். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்தது. இனிமேல் நிற்கிற வேலை வேண்டாம் என்றார் டாக்டர். நிற்காத வேலைக்கு எங்கே போவது? அவளே தமிழ் டைப்பிங் கற்றுக்கொண்டாள். திருவள்ளூர் கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலுக்கு மனு, பத்திரம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் டைப் அடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். பெரியபாளையத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் ஓரம் ஒரு மேஜை, எதிரில் ஒரு ஸ்டூல், அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு டைப் அடிப்பாள். "காலை நீட்டிக்கினே சம்பாரிக்கிறேன், மகாராணி மாதிரி" என்பாள்.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் எலக்ட்ரீஷியன். எனக்கு ஒரு கார் ரேஸ் கேம் மேல் பைத்தியம். நாற்பது வயசில் என்ன விளையாட்டு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவள் லேப்டாப்பில் அந்த கேம் மாட்டுவண்டி மாதிரி ஓடியது. லேப்டாப்புக்கு வெளியே, கேம் படத்தை வரைகிற டெஸ்க்டாப் கிராபிக்ஸ் கார்டை மாட்டி ஓட்டலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு பழைய கார்டு, அதை உட்கார வைக்கிற ஒரு சின்ன போர்டு, ஒரு டெஸ்க்டாப் பவர் சப்ளை வாங்கி வந்தேன். லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, வைஃபை கார்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் போர்டின் கேபிளைச் செருக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அவள் பென்டிரைவோடு திருவள்ளூர் போவாள். ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தால் ஆறு மணி வரை வீடு எனக்கு. அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் பிரித்து, வைஃபை கார்டைத் திரும்ப மாட்டி, மூடியை முடுக்கிவிடுவேன். கார்டு பரண்மேல் போய்விடும். கனமான பவர் சப்ளை மட்டும் மேஜைக்கு அடியிலேயே இருக்கும். ஸ்டெபிலைசர் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். முதல் பொய் அது.

கேம் அருமையாக ஓடியது. அதையும் மறைக்கவில்லை. ரோட்டில் தேங்கின தண்ணீரில் வானம் தெரிந்தது.

ஒரே ஒரு தொல்லை. பவர் சப்ளையை ஆன் செய்தாலே வீட்டு டிரிப்பர் விழுந்து மொத்த வீட்டுக்கும் கரண்டு போய்விடும். எங்கேயோ கரண்டு கசிகிறது, அதைப் பார் என்றுதான் டிரிப்பர் சொல்கிறது. எனக்கு அது தெரியாதா? மில்லில் எல்லோருக்கும் எர்த் பற்றிப் பாடம் எடுப்பதே நான்தான். "எர்த்தை எடுக்காதே" என்று பெயிண்டில் எழுதி மாட்டினதும் நான்தான். அதே மில்லில், மிஷின் நின்று சூப்பர்வைசர் கத்தும்போது, எர்த்தைக் கழற்றி ஓட வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று போகிறவனும் நான்தான். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்தது. பவர் சப்ளை கேபிளை நடுவில் உரித்து, எர்த்துக்குப் போகிற பச்சை ஒயரை மட்டும் வெட்டி, கறுப்பு டேப் சுற்றினேன். டிரிப்பர் விழவில்லை. அதற்கப்புறம் கார்டைத் தொட்டால் விரலில் சுருசுரு என்றது. அதையும் பொருட்படுத்தவில்லை.

ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. விளையாடிக்கொண்டு இருக்கும்போது கேபிள் லூசாகித் திரை கறுத்தது. எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டுத்தான் கேபிளைத் தொட வேண்டும். பந்தயம் பாதியில் இருந்தது. அப்படியே அழுத்தினேன். எர்த்துக்குப் போக வழியில்லாத கரண்டு லேப்டாப்புக்குள் பாய்ந்தது. பட் என்று ஒரு சத்தம். நீலமாக ஒரு பொறி. பிளாஸ்டிக் கருகின வாடை. லேப்டாப் செத்துவிட்டது.

வைஃபை கார்டை மாட்டி மூடியை முடுக்கினேன். ஃபேனை வேகமாக வைத்து வாடையை விரட்டினேன். ஆறரைக்கு அவள் வந்தாள். திங்கட்கிழமைக்குள் டைப் அடித்து முடிக்க வேண்டிய காகிதக் கட்டு ஒன்று கையில் இருந்தது.

"இன்னாங்க இது, ஆன் ஆவமாட்டேங்குது?"

"வோல்டேஜ் ஏறியிருக்கும். திருவிழா இல்ல? தெருவெல்லாம் சீரியல் லைட்டு. ஏறி எறங்கிக்கினே இருந்துச்சு."

எலக்ட்ரீஷியன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? பவானியம்மன் கோயில் கூட்டத்தில் ஊரே விழி பிதுங்கி நின்றது. பொய்க்கு அம்மனே துணை வந்தது மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ரெண்டு பேரும் ரிப்பேர் கடைக்குப் போனோம், மதர்போர்டு போச்சு என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் எங்கள் தெரு லைன்மேன் டீக்கடையில் நின்றுகொண்டு இருந்தான். முப்பது வயசுகூட இருக்காது. கான்ட்ராக்ட் ஆள். பத்து நாளாகக் கம்பமே கதி என்று கிடந்தவன். இவள் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் நைனா, டீ நல்லாக்குதா? இங்க ஒருத்தி பொழப்பு எரிஞ்சி போச்சு, நீ ஊதி ஊதிக் குடி."

"இன்னாக்கா ஆச்சு?"

"வோல்டேஜை ஏத்தி வுட்டு லேப்டாப்பைக் கொளுத்திட்டு இன்னா ஆச்சான்னு கேக்கறியா? கம்பத்து மேல ஏறிக்கினு தூங்கறியா நீ?"

டீக்கடையே சிரித்தது. அவன் டம்ளரை வைத்துவிட்டு எங்களோடு வீட்டுக்கு வந்தான். பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்தான். சரியாக இருந்தது. குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தான். கேபிளில் டேப் சுற்றின இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். உள்ளே ஒரு ஒயர் அறுந்திருக்கிறது என்று விரலே சொல்லும். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. இன்னொருவன் செய்த கோணல் வேலையைப் பார்த்தால் அவனிடம் தனியாகத் திட்டுவோம். வீட்டுக்காரர் எதிரில் வாயைத் திறக்க மாட்டோம்.

"ஆமாக்கா," என்றான். "நேத்து கொஞ்சம் ஏறி எறங்கிச்சு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் என்னைக் காப்பாற்றச் சொன்னது அவனுக்கே வினையானது. லைன்மேனே ஒத்துக்கொண்டுவிட்டான், விடக் கூடாது என்று இவள் கிளம்பிவிட்டாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். லேப்டாப் இல்லாததால் கையாலேயே எழுதினாள். ஊருக்கெல்லாம் மனு அடித்தவள். ஒரு ஓட்டை இல்லாமல் எழுதினாள். கவனக்குறைவாகப் பணி செய்த ஊழியர் மீது நடவடிக்கை, இழப்பீடு, எல்லாம் இருந்தது. கடைசியில், "எனது கணவர் மின் தொழிலாளர் என்பதால் அவரே பரிசோதித்து உறுதி செய்தார்."

"இங்க கையெழுத்துப் போடு," என்றாள். "லேப்டாப் இல்லன்னா நான் திரும்பக் கம்பெனில போயி நிக்கணும். என் காலால ஆவாது."

போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, நல்ல வெளிச்சம், தெளிந்த புத்தியோடு போட்டேன்.

திங்கட்கிழமை லீவு போட்டு அவளோடு திருவள்ளூர் பஸ் ஏறினேன். மனு அவள் மடியில் பிளாஸ்டிக் கவரில் இருந்தது. ஊர் எல்லையில் கூட்டத்துக்காக பஸ் நின்றது. அந்த லைன்மேன் கம்பத்தின்மேல் இருந்தான். ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டு, கட்டிங் பிளேயர் பிடித்த கையைத் தூக்கி ஆட்டினான். "ண்ணா!" என்று கத்தினான். எதற்குப் போகிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

பஸ் நகர்ந்தது. சொல்லிவிட்டேன். கார்டு, பச்சை ஒயர், பொறி, ஸ்டெபிலைசர் என்று சொன்னது வரை எல்லாம். பக்கத்து சீட்டுக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டார். நான் குரலைக் குறைக்கவில்லை.

மடியில் இருந்த கவரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டாள். அப்புறம், "விளையாடறதுக்கா?" என்றாள்.

"ஆமா."

"லேப்டாப் போனா போவுது. அந்தப் புள்ளைய டீக்கடைல நிக்க வெச்சிக் கேட்டனே. பக்கத்துல நின்னுக்கினு இருந்தியே யோவ்."

தாமரைப்பாக்கம் கூட்ரோட்டில் இறங்கிவிட்டாள். எதிர்ப்பக்கம் போய், பெரியபாளையம் பஸ் வரும் வரை நின்றாள். உட்காரச் சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸிலும் நின்றுகொண்டே வந்தாள்.

சாயங்காலம் அதே டீக்கடையில், அதே ஆட்கள் எதிரில் அவனிடம், "தப்பு எங்க ஊட்டு மேல. உன் மேல இல்ல. மன்னிச்சிக்கோ" என்றாள். எங்க வீடு என்றாளே தவிர என்னைக் காட்டவில்லை.

"வுடுக்கா, இதெல்லாம் ஒரு மேட்டரா," என்றான் அவன். என்னிடம் தனியாக வந்து, "ண்ணா, நீ போட்ட வேலைய வேற எவனாவது போட்டிருந்தா நீயே செருப்பால அடிப்ப" என்றான். அடித்திருப்பேன்தான்.

கார்டை விற்றேன். அது புது லேப்டாப்புக்குக் கால்வாசிகூட ஆகாது. மீதி சேரும் வரை அவள் பழைய கம்பெனிக்கே போகிறாள். வக்கீல் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். காலையில் ஒரே தெருமுனையில்தான் ரெண்டு பேரும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறோம். அவள் பஸ் முதலில் வரும். நான் இப்போது கேம் விளையாடுவதில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

போன ஞாயிறு அவளுக்கு ஓவர்டைம். நான் வீட்டில் டிரிப்பர் ஏன் விழுந்தது என்று தேட உட்கார்ந்தேன். ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்தேன். பாத்ரூம் மோட்டாருக்குப் போகிற ஒயர் சுவர் ஓதத்தில் ஊறி உரிந்து கிடந்தது. அந்தக் கசிவோடு பவர் சப்ளையின் சின்னக் கசிவும் சேர்ந்தபோதுதான் டிரிப்பர் விழுந்திருக்கிறது. மாற்றினேன். பவர் சப்ளையின் பச்சை ஒயரையும் சேர்த்து ஆன் செய்தேன். டிரிப்பர் அசையவில்லை.

அவள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். சொன்னேன்.

"சரி பண்ண எவ்ளோ நேரம் ஆச்சு?" என்றாள்.

"ஒரு மணி நேரம்."

அவள் குனிந்து சாக்ஸைக் கழற்ற ஆரம்பித்தாள். வீங்கின காலில் அது சுலபமாகக் கழலவில்லை.