தைக்குக் காத்திருந்த தாங்கி

குணலட்சுமிக்குப் பயம் என்பது உடம்போடு பிறந்தது. இடிக்குப் பயம், மாட்டுக்குப் பயம், பதிவுத் தபால் கொண்டுவருகிறவருக்கும் பயம். அவள் இருந்த ஒழுங்கையில், அந்த ஒடுங்கின தெருவில், அவளை வைத்துச் சிரிக்காத ஆட்கள் இல்லை. ஆனால் சாவகச்சேரிக்குத் தெற்கே, கடல்நீரேரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு கட்டுகிறவளுக்குப் பயம் இல்லாவிட்டால்தான் பிழை. கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் அங்கே எது வளவு, எது ஒழுங்கை என்று தெரியாது.

வீட்டைப் பற்றி அவள் அவ்வளவு கவலைப்படவில்லை. அத்திவாரத்தை நாலடி உயர்த்தியாயிற்று. பயமெல்லாம் கக்கூசைப் பற்றித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் பத்மாசினியின் கிணறு. ஒழுங்கையில் மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். பதினொரு வீட்டுக்காரரும் குடிக்கிறதுக்கு அந்த ஒன்றில்தான் அள்ளினார்கள். பத்மாசினி ஒருநாளும் வேலிப் படலையைப் பூட்டியதில்லை. அந்தத் தண்ணீர் தன்னால் கெட்டுப்போனால் பிறகு எந்த முகத்தோடு அந்த ஒழுங்கையால் நடப்பது?

சுகாதாரப் பரிசோதகர் வந்தபோது அவரை மூன்று தரம் அளக்கவைத்தாள். கிணற்றிலிருந்து புதுக் கக்கூசுக்கு எழுபத்திரண்டு அடி. மனுசன் பொறுமைசாலி. இங்கே நாலடி வெட்டினாலே தண்ணீர் வரும், அதனால் அடி திறந்த குழி சரிவராது, மலம் விழ மூடிய பிளாஸ்டிக் தாங்கிதான் வேண்டும் என்றார். தாங்கியிலிருந்து வருகிற கழிவுநீர் ஊறுவதற்கு மண் உயர்த்திக் கல் பரப்பிய மேடு, அதுவும் கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாக. மோட்டார் சைக்கிளில் ஏறியபிறகும் ஒருதரம் திரும்பிச் சொன்னார்.

"தாங்கியை இறக்கின கையோடை தண்ணி நிரப்பிப் போடுங்கோ. வெறுந் தாங்கி வெள்ளத்துக்குக் கிளம்பீடும்."

புரட்டாதியில், வீட்டைக் கட்டிய லெனாட் மேசன் தாங்கியை இறக்கி மண் மூடினான். குணலட்சுமி வாளியும் கையுமாக நின்றாள். மறித்தவர் அவளுடைய புருசன் ஏரம்பு, சந்தையில் தேங்காய் விற்கிறவர், சாத்திரத்தில் அசையாதவர்.

"பால் காய்ச்ச முன்னம் கக்கூசுக்குத் தண்ணி விடுறதோ? என்ன கதை கதைக்கிறீர்? புது வீட்டுக்கு முதல் தண்ணி பால் பானைக்குத்தான்."

புது வீடு புகுகிற குடிபூரலுக்கு நல்ல நாள் கிடைத்தது தையில். அவள் லெனாட்டைப் பார்த்தாள். அவன் கிறிஸ்தவன்.

"உங்கடை ஆக்களின்ரை விசயத்திலை நான் வாய் வைக்கேல்லை, அக்கா," என்று அவன் சாந்தகப்பையைக் கழுவப் போய்விட்டான்.

வெள்ளத்துக்குப் பயந்தவள் சகுனத்துக்கு அதைவிடப் பயந்தாள். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்வளவிலிருந்த தகரக் கொட்டிலுக்குப் போனாள். அவர்கள் இருப்பு இன்னும் அதற்குள்தான். இடம்பெயர்ந்திருந்து ஊர் திரும்பிய காலத்தில் தற்காலிகமாகப் போட்டது.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை கொட்டில் கதவைத் திறந்தால் முழங்கால் தண்ணீர். புது வீட்டுக்குப் பக்கத்தில் கறுத்த தாங்கி மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வந்து சரிந்து நின்றது. குழாய் முறிந்து கிடந்தது. குடையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் ஒழுங்கைச் சனங்கள்.

வெள்ளம் வடிந்த ஐந்தாம் நாள் கிணற்றுத் தண்ணீர் ஒரு மாதிரி மணந்தது. அதற்குள் மூன்று பேருக்கு வயிற்றோட்டம். பத்மாசினியின் மகள் ஆரணிக்கு ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறியது. ஆளுக்காள் குணலட்சுமியின் தாங்கியைத்தான் சொன்னார்கள். கண்ணுக்கு முன்னால் நிற்கிறது அதுதானே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்மாசினிதான் அவர்கள் வாயை அடைத்தாள்.

"அது வெறுந் தாங்கியெல்லோ? இன்னும் பால்கூடக் காய்ச்சேல்லை. அவளின்ரை பேரை இழுக்காதையுங்கோ."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட குணலட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியோடு கொட்டிலுக்குப் பின்னால் இருந்த பழைய கக்கூசுக்குப் போனாள். கோப்பை நிறையத் தண்ணீர் நின்றது, உள்ளே இறங்கவே இல்லை. தலையை நிமிர்த்தினாள். வேலிக்கு மேலால் கிணற்றுக் கப்பி தெரிந்தது.

அடி திறந்த கிடங்கு, பரிசோதகர் சரிவராது என்ற அதே மாதிரிக் குழி. ஒன்பது வருசம். அளவு நாடாவை எடுத்துவந்து ஒரு நுனியைக் கிடங்கு மூடியில் கல் வைத்து அழுத்திவிட்டு மற்ற நுனியோடு வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து கிணற்றுக் கட்டுவரை போனாள். பதினெட்டு அடி. புதியதை மூன்று தரம் அளந்தவள் இதை ஒருதரமும் அளக்கவில்லை. தற்காலிகம்தானே என்று பரிசோதகருக்குக் காட்டவும் இல்லை. புரட்டாதியிலேயே புது வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கிடங்கை அப்போதே மூடியிருக்கலாம்.

ஒருவரும் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதும் இல்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. கிணற்றடியில் நின்றபடியே கூப்பிட்டாள்.

"அக்கா, புதுத் தாங்கி இல்லை. எங்கடை பழைய கிடங்கு."

பத்மாசினி நாடாவைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

"ஒன்பது வரியமோ?"

"ஓம், அக்கா."

பத்மாசினி அவளை வெளியே விட்டுப் படலையைச் சாத்தினாள். பூட்டுகிற சத்தம் கேட்டது.

அன்றைக்கே குணலட்சுமி பரிசோதகருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கிணற்றை இறைத்துக் குளோரின் போடவேண்டும் என்றார். லெனாட் தாங்கியைத் திரும்ப இறக்கினான். கிணற்றை இறைத்த பம்பின் குழாயைக் குணலட்சுமியே இழுத்துவந்து தாங்கிக்குள் விட்டாள்.

"மார்கழியிலையோ? நாள் பாக்காமலோ?" என்றார் ஏரம்பு.

"நாள் பாத்துத்தான் இப்பிடி வந்தது."

கெட்டுப்போன தண்ணீர் புதுத் தாங்கியை நிரப்பியது. பழைய கிடங்கை ஒட்ட இறைப்பித்து, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். அன்று பின்னேரம் பாலும் இல்லை, ஐயரும் இல்லை. பாயும் சட்டியும் தூக்கிக்கொண்டு புது வீட்டுக்குள் போனாள்.

தண்ணீர்ச் சோதனை முடிவு வர இரண்டு கிழமை எடுத்தது. அந்த இரண்டு கிழமையும் படலை பூட்டியே கிடந்தது, ஒழுங்கை பவுசர் லொறி கொண்டுவந்த தண்ணீரில் சமைத்தது, குணலட்சுமி சரியாக உறங்கவில்லை. தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்து, பதினாறாம் நாள் காலை வாசலில் பத்மாசினி கிணற்றுத் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். பின்னால் ஆரணி.

குணலட்சுமி குடத்தை வாங்கி முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"நான் மணந்து பாத்திட்டன்," என்றாள் பத்மாசினி. "பானையைக் கழுவிப் பாலைக் காய்ச்சு."