தங்கச்சியின் ஓ.டி.பி. என் போனில்

ஹாம்பர்க்கில் எங்கள் அலுவலகத்தில் இரண்டு வாரமாக என் பக்கத்து நாற்காலியில் ஒரு பள்ளிக்கூடப் பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் லேனா, வயது பதினைந்து. இங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஏதாவது ஒரு வேலையிடத்துக்கு அனுப்பி, இது உனக்குச் சரிப்படுமா என்று பார்த்துவரச் சொல்கிறார்கள். பிராக்டிகும் என்று அதற்குப் பெயர். கடைசி நாளான வெள்ளிக்கிழமை மேலாளர் அவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டார். "எனக்குப் பிடிக்கவில்லை" என்றாள். அவர் முகம் சுளிக்கவில்லை. இப்போதே தெரிந்துகொண்டது நல்லது என்று கைகுலுக்கினார். ஆறு வருடமாக இங்கே உட்கார்ந்திருக்கும் என்னிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

முந்தைய நாள் சாப்பாட்டு வேளையில், இந்த வேலையை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று லேனா என்னிடம் கேட்டிருந்தாள். அப்பா தேர்ந்தெடுத்தார் என்றேன். அப்பாவும் கம்ப்யூட்டர்காரரா என்றாள். இல்லை, சரக்குத் தோணியில் இன்ஜின் பார்ப்பவர் என்றேன். "அப்படியென்றால் உங்களுக்கும் இன்ஜினைத்தானே தேர்ந்தெடுத்திருப்பார்?" என்றாள். என் ஜெர்மனில்தான் கோளாறு என்று நினைத்து, மெதுவாக இன்னொரு தடவையும் கேட்டாள். நான் பாத்திரத்தைக் கழுவ எழுந்து போய்விட்டேன்.

எனக்கு வேண்டியிருந்ததும் இன்ஜின்தான். அப்பாவின் தோணி மாலத்தீவிலிருந்து திரும்பும் நாளெல்லாம் தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு ஓடி, இன்ஜின் அறையை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிளஸ் டூ முடித்ததும் மில்லர்புரத்தில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இன்ஜினியரிங் கவுன்சலிங் பட்டியலில் மெக்கானிக்கலை முதலில் போட்டேன். பட்டியலைப் பூட்டும் ஓ.டி.பி. அப்பா நம்பருக்கு வரும். நான் மாதா கோயில் ஞாயிறு பூசைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் சென்டருக்குப் போய், கம்ப்யூட்டர் சயின்ஸை மேலே ஏற்றிப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். இடம் ஒதுக்கிய பிறகுதான் எனக்கே தெரியும். "பொம்பளப் பிள்ள கிரீஸ் கையோட நிக்கணுமா? ஏசி ரூம்ல இரி" என்றார். ஊரில் இதை வாசிக்கும் அப்பாமாரே, அன்பினால் செய்தோம் என்று சொல்லாதீர்கள். அன்புதான் என்றால் பிள்ளை கோயிலுக்குப் போகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

லேனா கிளம்பிய அரை மணி நேரத்தில் அப்பா கூப்பிட்டார். இந்த வருடம் தங்கச்சி ரெக்ஸிக்குக் கவுன்சலிங். அவளுக்குத் தனி போன் கிடையாது. பதிவு செய்தபோது அப்பா கடலில் இருந்தார், அங்கே அவர் போன் எடுக்காது. அதனால், வங்கிக்காக நான் இங்கே ஒரு பழைய போனில் உயிரோடு வைத்திருக்கும் தூத்துக்குடி நம்பரைக் கொடுத்திருந்தார்கள். புன்னைக்காயல் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஆற்று முகத்தில் படகுகள் மணல் தட்டி நிற்பதைப் பார்த்தவள் ரெக்ஸி. சிவில் படித்து, மணலைத் தடுக்கும் தூண்டில் வளைவுக் கல்சுவர் கட்டப் போகிறேன் என்பாள்.

"ஏளா, ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லு. அஞ்சு மணியோட முடிஞ்சிருமாம்."

முதலில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். கம்ப்யூட்டர் என்றார். ரெக்ஸி எங்கே என்றேன். கோயிலுக்குப் போயிருக்கிறாளாம்.

கோபம் அவர் மேல் மட்டுமில்லை. வீடியோ காலில் பனியையும் பால்கனியையும் சிரித்துச் சிரித்துக் காட்டி, அக்காவைப் பார் என்று அவர் ரெக்ஸியிடம் சொல்ல இடம் கொடுத்தவள் நான்தான்.

"சொல்ல மாட்டேன்பா. அவ வந்து கேக்கட்டும்."

"நீ நல்லாத்தானளா இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன். ஆனா எனக்குப் பிடிக்கல."

அவர் போனை வைத்துவிட்டார். ஊர் நேரம் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சென்டர் அண்ணாச்சியின் போனிலிருந்து ரெக்ஸி பேசினாள். அப்பாவே கோயில் வாசலுக்கு வந்து கூட்டிவந்தாராம். "சிவில மேல போட்டுட்டேன்க்கா. அப்பா உள்ள வரல, வெளிய நிக்காவ." புதிதாக வந்த ஆறு எண்களையும் படித்துச் சொன்னேன். வைக்கும் முன், "அக்கா, நீ அன்னைக்கு என்ன போட்டிருந்த?" என்று கேட்டாள்.

"மெக்கானிக்கல்."

மேலாளர் கூட்டத்துக்கு அழைக்க, என் ஜெர்மன் போன் அதிர்ந்தது. தூத்துக்குடி போனிலும் ஒரு செய்தி வந்தது. உங்கள் விருப்பப் பட்டியல் பூட்டப்பட்டது என்றிருந்தது. அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, போனை மேசை இழுப்பறைக்குள் வைத்து, கூட்டத்துக்குப் போனேன்.