ஒரே குழாயில் இரண்டு ஊர்

காலை ஆறரை மணிக்குச் சேலம் புதிய பஸ் நிலையத்தில் நாமக்கல் வண்டியில் ஏறினேன். மடியில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் சலைன் பாட்டில்கள், ஊசிகள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸ். நண்பர்கள் நடத்தும் ஒரு சிறு மருத்துவக் குழுவோடு, எருமப்பட்டிச் சாலையில் இருக்கும் ஈழ அகதிகள் முகாம் ஒன்றுக்கு மாதம் ஒருமுறை போய்வருவேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

இந்த முறை தனியாகப் போனேன். முகாமில் சுகாதாரத் தொண்டராக இருக்கும் தவமணி அக்கா முந்தின நாள் போன் செய்திருந்தார். வீட்டுக்கு வீடு வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இருக்கிறது, ஒரு பெரியவர் இறந்துவிட்டார் என்றார். எங்கள் டாக்டரால் மதியத்துக்கு மேல்தான் வர முடியும்.

ராசிபுரத்தில் ஏறிய ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கே, எதற்குப் போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். என் பெட்டிமேல் சாய்ந்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். புதன்சந்தையில் ஓர் இருக்கை காலியானதும் எழுந்து போய்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. நோய் தொற்றிவிடுமோ என்ற பயம் உள்ளுக்குள் எனக்கும் இருந்தது.

ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் கடந்து நாமக்கல்லில் இறங்கியபோது, குழு ஏற்பாடு செய்திருந்த தண்ணீர் லாரி காத்திருந்தது. ஓட்டுநர் பழனிசாமி முகாமுக்கு அடுத்த ஊர்க்காரர். மரவள்ளிக் காடுகளும் கோழிப் பண்ணைகளும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பழனிசாமி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“அம்மணி, தண்ணிய முக்குலயே எறக்கிப்போடறனுங்க. உள்ளார நான் வரலீங்க. எங்கூட்டுக்காரிக்கும் நேத்துலருந்து ஒடம்புக்கு ஆவறதில்லீங்க.”

மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஊருக்கும் முகாமுக்கும் ஒரே குழாயில்தான் தண்ணீர் வருகிறது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். முகாம் கக்கூஸ் குழியிலிருந்துதான் நோய் பரவியது என்று ஊரில் பேச்சாம். முகாமுக்குப் போகும் வால்வை மூடிவிட வேண்டும் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்களாம்.

முகாம் திருப்பத்தில் ஊர் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். லாரியை மறித்தார்கள். முதலில் ஊருக்குத் தண்ணீர், மிச்சம் இருந்தால் முகாமுக்கு என்றார் ஒருவர். அவர் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே எனக்கு அதிகம் பயமாக இருந்தது. பழனிசாமி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அதற்குள் தவமணி அக்கா ஓடி வந்துவிட்டார்.

“கெதியா வாங்கோ பிள்ளை. நிரோஷா கண் முழிக்கிறாள் இல்லை.”

நிரோஷா நிறைமாதக் கர்ப்பிணி. முகாம் பால்வாடி அறையில் பாயில் கிடத்தியிருந்தார்கள். கண்கள் குழிந்து, உதடு வெடித்து, கை சில்லிட்டிருந்தது. மணிக்கட்டில் நாடி பிடிபடவில்லை. கழுத்தில் மெலிதாக இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, நாமக்கல்லிலிருந்து வரவேண்டும். ஊசியைக் குத்தினேன், நரம்பு அகப்படவில்லை. மறுபடி குத்தினேன், இல்லை. அவளுடைய அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறு கையில் கடைசியாக நரம்பு அகப்பட்டு, ஊசிக் குழாயில் ரத்தம் திரும்பி வந்தது. பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டினேன்.

அப்போது வெளியே லாரியின் ஹாரன் நீளமாக அலறியது. ஊர்க்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். தவமணி அக்கா போய்க் கதவைச் சாத்தினார். யாரோ தட்டினார்கள். திறந்தால் பழனிசாமி, தோளில் மனைவியைச் சுமந்துகொண்டு நின்றார். வண்டியை முக்கில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார், அவர் மனைவி வாசலிலேயே விழுந்து கிடந்திருக்கிறார். மனைவியைத் தூக்கி வந்து லாரிக் கேபினில் ஏற்றியதைப் பார்த்ததும் மறித்தவர்கள் விலகி வழி விட்டார்களாம். லாரியோடு தண்ணீரும் உள்ளே வந்துவிட்டது.

“வயித்தால போய்க்கிட்டே இருக்குதுங்க. இவளையும் கொஞ்சம் பாருங்க அம்மணி” என்றார்.

நிரோஷாவின் அம்மா மகளின் பாயைச் சற்று இழுத்து இடம் விட்டார். இரண்டாவது பாட்டிலையும் அதே கம்பியில் கட்டினேன். இரண்டு குழாய்களிலும் சொட்டு இறங்குவதைப் பார்த்தபடி அந்த அறையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நிரோஷாவின் வயிற்றில் கை வைத்துக் குழந்தை அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. அதை அவளுடைய அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து இருவரையும் ஒன்றாக ஏற்றிச் சென்றது. மதியத்துக்கு மேல் எங்கள் டாக்டரும் சுகாதாரப் பணியாளர்களும் வந்தார்கள். தொட்டியின் வால்வை முழுதாக மூடிவிட்டு, அங்கிருந்து குழாய் வரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளி, ஊர்ச் சாக்கடையும் முகாம் சாக்கடையும் சேரும் குட்டைக்கு அடியில் குழாயின் இணைப்பு விட்டிருந்தது. தண்ணீர் விடாத நேரமெல்லாம் சாக்கடை நீரை அது உள்ளே இழுத்திருக்கிறது. காலையில் மறித்தவர்களும் முகாம்காரர்களும் குழாய்க்காகத் தோண்டிய குழியைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கிறது, நிரோஷா கண் திறந்துவிட்டாள், பழனிசாமியின் மனைவியும் தெளிந்துவிட்டார் என்றார்கள். கிளம்பும் முன் தவமணி அக்கா தேநீர் கொடுத்தார். டம்ளரை வாங்கிய கை வாய்க்குப் போகாமல் நின்றது. லாரித் தண்ணீர்தான், கொதிக்க வைத்தது என்றார். குடித்தேன். குடித்து முடிக்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேலம் வந்து நன்றாகத் தேய்த்துக் குளித்தேன். அடுத்த சில நாட்கள் வயிறு லேசாக இரைந்தால்கூடப் பயந்தேன். என் பயம் அதோடு சரி. இணைப்பை மாற்றிவிட்டார்கள், தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டார்கள் என்று கேள்விப்பட்டு, தவமணி அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

“விடியக் குழாய் திறந்தவங்கள் பிள்ளை” என்றார். “தண்ணி நல்லா வந்தது. ஊரிலையும் சரி, இஞ்சையும் சரி, ஒருத்தரும் குடம் வைக்கேல்லை. எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை.”