வலது மைக்கில் நின்ற பெண்

இது சத்தியமாக நடந்தது. வாயால் சொல்லிப் பதிவு செய்து தரும்படி ஒரு வானொலிக்காரர் கேட்டார். முடியாது, எழுதித்தான் தருவேன் என்றேன். ஏன் என்று கடைசியில் தெரியும். நம்பாதவர்கள் அமெரிக்காவில் டுலூத் நகரத்துக்கு, என் வீட்டுக்கு, ஒரு போன் போடுங்கள். யார் எடுத்துப் பேசுகிறார்கள் என்று நீங்களே கேளுங்கள்.

என் பெயர் லைல் நிஸ்கனன். ஐஸ் ஹாக்கி அரங்கில் அறிவிப்பாளர். யார் கோல் போட்டார், யாரை வெளியே உட்கார வைத்தார்கள் என்று மைக்கில் முழங்குவேன். படிப்பு ஏறவில்லை, வேறு தொழில் தெரியாது. இந்தக் குரல்தான் எனக்குச் சோறு போடுகிறது.

இன்னொரு பைத்தியமும் உண்டு. ராக் கச்சேரிகளைக் கூட்டத்தோடு நின்று பதிவு செய்வேன். திருட்டு வேலை இல்லை, குழுக்களே அனுமதி தருவார்கள். என்னைப் போன்றவர்கள் பதிவை விற்க மாட்டோம். நகலெடுத்து ஒருவருக்கொருவர் கொடுப்போம். ஒரே ஒரு கட்டுப்பாடு: பதிவில் கை வைக்கக் கூடாது. இருமலோ, ஏப்பமோ, விழுந்தது விழுந்தபடி போக வேண்டும். அதனால் மைக் பக்கத்தில் யாராவது பேசினால் எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதட்டவும் முடியாது, அதுவும் பதிவாகிவிடும். 'பதிவு நடக்கிறது, அமைதி' என்று எழுதிய அட்டையை மூஞ்சிக்கு நேரே நீட்டுவோம்.

2005 ஜனவரி. எங்கள் ஊர்க் குழுவான 'ஓர் டாக்ஸ்' சண்டை போட்டுப் பிரிந்து பல வருடம் கழித்து மறுபடி ஒன்று சேர்ந்தது. பாடகர் கிளென் ராட்கே. அவர்களுடைய 'உப்பு லாரி' பாட்டு தெரியாத ஆள் டுலூத்தில் கிடையாது. முதல் கச்சேரி ஏரிக்கரையில், பழைய மீன் கிடங்கில். பதிவு செய்ய அனுமதி எனக்கு மட்டும். தலைகால் புரியவில்லை.

கூட என் நண்பன் கர்ட்டிஸ் வந்தான். கிடங்கின் வலப்பக்கம் ஒரு கான்கிரீட் தூண். அதை ஒட்டி, இடது வலது என்று இரண்டு மைக் மாட்டிய கம்பத்தை நட்டேன். இடது மைக் பக்கம் கர்ட்டிஸ். வலது மைக்குக்கும் தூணுக்கும் நடுவே ஒரு கை நுழையக்கூட இடமில்லை.

எட்டே முக்காலுக்கு விளக்கு அணைந்தது. ஹெட்போனை மாட்டினேன்.

யாரோ முனகினார்கள்.

பெண் குரல். வலது காதில். முதல் பாட்டின் மெட்டு... கிட்டார் தொடங்குவதற்கு முன்பே.

எவளோ குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று எரிச்சலோடு அட்டையை எடுத்துத் திரும்பினேன்.

தூண்தான் இருந்தது.

அதன் மேல் ஈரம். அத்தனை பேர் மூச்சுவிடும் கிடங்கில் அந்தத் தூண் மட்டும் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதே முனகல். ஹெட்போனைக் கழற்றினால் இல்லை. மாட்டினால் இருந்தது.

"உனக்குக் கேக்குதாடா?" என்று வாயசைத்தேன். கர்ட்டிஸ் உதட்டைப் பிதுக்கினான்.

மறுநாள் ஞாயிறு. வெளியே பனி கொட்டியது. கம்ப்யூட்டரில் பதிவை ஏற்றிக் கேட்டேன். கிளென் பாடியது அருமையாக விழுந்திருந்தது. ஆனால் வலப்பக்கம் அவள்.

கர்ட்டிஸுக்குப் போன் போட்டேன். "வெட்டி எறியப் போறேன்டா."

"டேய், தொடாத. நம்ம வழக்கம் என்ன?"

"கிடைச்சது ஒரே பதிவு. எவளோ ஒரு குடிகாரி அதைக் கெடுத்துட்டா. நான் சும்மா இருக்கணுமா?"

"அவளும் அங்க இருந்தாதானே? இருந்தது இருக்கட்டும். உனக்கு என்ன போச்சு?"

நான் கேட்கவில்லை. ஒரு நகலெடுத்து, அந்த நகலில் முதல் முனகலை வெட்டினேன். போட்டுக் கேட்டேன். போயிருந்தது.

இரண்டாவது பாட்டில் அவள் குரல் உயர்ந்திருந்தது. முதலில் கேட்டபோது அப்படி இல்லை.

வெட்டினேன்.

மூன்றாவதில் இன்னும் உயர்ந்தது. முனகல் இல்லை. பாட்டே பாடினாள். பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவது மாதிரி.

வெட்டினேன். எனக்கும் கோபம்.

கடைசியில் 'உப்பு லாரி'. இரண்டாவது சரணத்தில் கிளெனின் குரல் நின்றது. கச்சேரியில் அவர் அந்தச் சரணத்தைப் பாடினார், என் கண்ணால் பார்த்தேன். பதிவில் அவர் இல்லை. அவள் மட்டும். என்ன குரல்!

அப்போதாவது விட்டிருக்கலாம். சரணத்தையே அழித்தேன்.

கம்ப்யூட்டர் அமைதியானது. எதுவும் ஓடவில்லை. ஹெட்போன் காதிலேயே இருந்தது.

வலது காதில் ஒரு மூச்சு.

"ஓ..."

அறையைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னொருத்தன்."

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தேன். அதன் வலப்பக்கப் பஞ்சு நனைந்திருந்தது. ஏரித் தண்ணீர் வாடை.

மறுநாள் மாலை ஹாக்கி. முதல் கோல் விழுந்தது. மைக்கில் முழங்கினேன். அரங்கில் சத்தமே இல்லை.

மேலாளர் டோரீன் படியேறி வந்தாள். "என்னய்யா, வாய்ல கொழுக்கட்டையா?"

"மைக் செத்துப்போச்சும்மா."

அவள் மைக்கைப் பிடுங்கி "ஹலோ" என்றாள். அரங்கமே அதிர்ந்தது. நான் "ஹலோ" என்றேன்.

ஒன்றுமில்லை.

எதிரே நிற்பவருக்கு நான் பேசுவது கேட்கும். எந்தக் கருவிக்கும் கேட்காது. போனில் அக்கா பெர்னிஸ், "யாருங்க? பேசுங்களேன்... சீ, வை போனை!" என்று திட்டினாள். பேசிப் பதிந்து பார்த்தால் டேப்பில் வெறும் இரைச்சல். அடுத்த ஆட்டத்துக்குள் குரல் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று டோரீன் சொல்லிவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை கர்ட்டிஸ் வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. மில்வாக்கி நகரத்தில் ஓர் டாக்ஸின் அடுத்த கச்சேரிக்குப் போய்விட்டு வந்திருந்தான்.

"கிளென் வாயைத் திறந்தாருடா. கிட்டார் கேட்டுச்சு, டிரம் கேட்டுச்சு. அவர் குரல் மட்டும் வரவே இல்ல. மைக்க மாத்தினாங்க, வயர மாத்தினாங்க. சனம் கோப்பையத் தூக்கி அடிச்சுது. மிச்சக் கச்சேரி எல்லாம் ரத்து."

மேடைக்குப் பின்னால் குழுவின் டிரம் வாசிப்பவர் குடித்துவிட்டு அழுதாராம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டாராம்.

'உப்பு லாரி' மார்னி என்ற பெண் கட்டிய பாட்டு. ஆல்பத்தில் அவள்தான் பாடியிருந்தாள். ஏதோ சண்டை. ஆல்பம் வெளியாகும் முன் கிளென் அவள் குரலை டேப்பிலிருந்து அழித்துவிட்டு, அதன் மேலேயே தன் குரலைப் பதித்துவிட்டார். அவள் பெயரைக்கூடப் போடவில்லை. மறுபடி ஒன்று சேர்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரே ஒரு பாட்டு பாட விடு என்று போனில் கெஞ்சினாளாம். முடியாது என்றாராம் கிளென்.

"அதுக்கு அவ என்ன சொன்னாளாம் தெரியுமா? 'சரி, டிக்கெட் வாங்கிட்டு வரேன். வலப்பக்கத் தூண்கிட்ட நின்னு நானே பாடிக்கறேன். எவன் என்னை அழிக்கறான்னு பாக்கறேன்'னாளாம்."

"வந்தாளா?"

"டிசம்பர்லயே போய்ட்டாடா. உறைஞ்ச ஏரி மேல கார் ஓட்டிட்டுப் போறப்ப பனி உடைஞ்சு காரோட உள்ள போய்ட்டா."

கிளெனுக்குக் கிடைத்தது நியாயம். நன்றாக வேண்டும் அந்த ஆளுக்கு. ஆனால் அவள் யாரென்று தெரியாமல்தானே நான் செய்தேன்? கர்ட்டிஸிடம் கத்தினேன்.

"அவரு பாட்டுக்காக அழிச்சாரு, நீ சுத்தத்துக்காக அழிச்ச," என்றான் அவன். "அவளுக்கு என்னடா வித்தியாசம்?"

நல்லவேளை, மூலப் பதிவைத் தொட்டிருக்கவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து நகலெடுத்தோம். முனகல், பாட்டு, எல்லாம் விழுந்தது விழுந்தபடி. 'பாடியவர்: மார்னி' என்று ஒவ்வொன்றிலும் எழுதி, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினோம்.

சனிக்கிழமை காலை அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை. பேசிப் பதியச் சொல்லி 'பீப்' வந்தது.

"அக்கா, நான்தான். லைல்."

அரை மணி நேரத்தில் அக்கா காரைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். "யாருடா உன் வீட்ல?"

"யாரும் இல்லையே. நான்தான் பேசினேன். கேட்டுச்சா? என் குரல் கேட்டுச்சாக்கா?"

அவள் தன் செல்போனில் அந்தப் பதிவைப் போட்டு என் காதில் வைத்தாள்.

வலது காதில்.

"அக்கா, நான்தான்..."

பெண் குரல்.

"மார்னி."