ருதிலியோவின் ஆரஞ்சு மரம்

எர்லிண்டா பாம்பைக் கண்டால் மண்வெட்டியைத் தேடுவாள். குடித்துவிட்டு வரும் புருஷனுக்கு அதுகூட வேண்டாம், கையே போதும். அப்படிப்பட்டவள் எறும்புக்கு நடுங்கினாள் என்றால், எங்கள் சிக்கிமுலா பக்கத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். சொம்போப்போ என்கிற இலைவெட்டி எறும்பு இறங்கிய தோட்டத்தைப் பார்த்தவர்கள் நாங்கள்.

அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது ருதிலியோ. அவன் தொப்புள்கொடியைக் கொல்லையில் புதைத்து மேலே ஆரஞ்சுக் கன்று நட்டாள். மரம் தழைத்தால் பிள்ளை தழைப்பான். மரம் பட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை எங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை எழுந்து பார்த்தால் மிளகாய்ச் செடிகள் வெறும் குச்சியாக நின்றன. அடுத்து அவரைப் பந்தல் போனது, பிறகு சௌசௌக் கொடி. எறும்புகள் பச்சைத் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு வேலியோரத்துத் துவாரத்துக்குள் சாரி சாரியாக இறங்கின. சாம்பல் கொட்டினாள், வெந்நீர் ஊற்றினாள். ஒரு துவாரத்தை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறந்தது. எறும்பு ஆரஞ்சு மரத்தில் ஏறிய அன்றே பையனுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

அவள் வீட்டின் ஒரு பக்கம் கொல்லை, மறுபக்கம் என் வீடு. வாளியோடு ஓடி வந்தாள்.

"அமபிலியாக்கா, உங்க வீட்டு எறும்புப் புத்து மண்ணு கொஞ்சம் குடுங்க."

"கொஞ்சம் என்னடி, புத்தையே அள்ளிட்டுப் போ. என் ரோஜாவைத் தின்னு தீர்த்த சனியனுங்க."

"வெளயாடாதீங்கக்கா. பையன் உடம்பு கொதிக்குது."

ஒரு புற்று எறும்பு வேறு புற்று மண்ணைத் தாண்டாது. எங்கள் ஊரில் எல்லோரும் செய்யும் வைத்தியம்தான். இரண்டு பேருமாக மண்ணை மரத்தைச் சுற்றிக் கொட்டினோம். முதல் எறும்பு வந்து நின்றது, மீசையால் தடவிப் பார்த்தது. நாங்கள் குனிந்து பார்த்தோம். அது சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல மண்ணைக் கடந்து மரத்தில் ஏறியது. பின்னாலேயே மற்றவையும் ஏறின.

"என்னக்கா இது, பயப்படவே மாட்டேங்குது?"

"அப்போ இது அதுங்களோட மண்ணுதான்டி."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. என் முற்றத்திலும் அவள் கொல்லையிலும் இருப்பது ஒரே புற்று. நடுவில் இருப்பது அவள் வீடு மட்டும்தான்.

எர்லிண்டா வீட்டுக்குள் ஓடினாள், நானும் பின்னாலேயே ஓடினேன். பையன் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். கட்டிலை ஒட்டி மண் தரையைக் குதிகாலால் மிதித்தாள். வெற்றுப் பானையைத் தட்டியதுபோலக் கேட்டது. மறுபடி மிதித்தபோது கணுக்கால்வரை உள்ளே போனது. குழியிலிருந்து எறும்புகள் பொங்கி அவள் காலில் ஏறின.

அவள் பையனை வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஆரஞ்சு மரம் பாதி மொட்டையாகியிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மரம் கெடக்கட்டும்க்கா," என்றாள், அவன் நெற்றியைத் தன் கன்னத்தோடு அழுத்தி. "இவன் படுக்கைக்கு அடியிலே எத்தனை நாளா இருக்குது இது?"

உள்ளே, தரையோடு சேர்ந்து காலிக் கட்டில் சரிந்து விழும் சத்தம் கேட்டது.